டேட்டா சென்டருக்கு நிலம் கேட்டு வந்தால் ஊராட்சி எந்த வழியைப் பிடிப்பது?

நாங்குநேரிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் வார்டு உறுப்பினராக இருப்பவர், எனக்குத் தங்கை முறை. போன மாதம் டீக்கடை பெஞ்சில் ஒரு எஃப்.எம்.பி. (நில அளவைப் படம்) நகலை விரித்து வைத்தார். நான்கு புல எண்களைச் சுற்றிச் சிவப்புப் பேனாக் கோடு. அதன் நடுவே மெல்லிய இரட்டைக் கோடு ஒன்று வளைந்து போகிறது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, இது ஓடை. மழைக்கு இது வழியாத்தான் எங்க குளத்துக்குத் தண்ணி வரும். புரோக்கர் இதையும் சேத்துத்தான் வளைச்சுக் காட்டுதான். என்னமோ டேட்டா சென்டராம். பாதி ஊரு வேண்டாங்கு, பாதி ஊரு விட்றாதீங்கங்கு. கிராமசபையில நான் என்ன சொல்லட்டும்?"

இந்தக் கேள்வி அவர் ஊரோடு நிற்காது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டு ஓடுகின்றன. ராதாபுரம், பணகுடி, முப்பந்தல் வரை காற்றாலைகள். கங்கைகொண்டானில் சூரியத் தகடு ஆலைகள். மின்சாரம் விளையும் பூமி, மலிவான மானாவாரிப் புஞ்சை, நான்குவழிச் சாலை மூன்றும் இங்கே சேர்ந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2021-லேயே டேட்டா சென்டருக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டுவிட்டது. ஆகவே புரோக்கர்கள் வருவதில் ஆச்சரியமில்லை. வந்தால் ஊராட்சி என்ன செய்யலாம், எந்த வழிக்கு எவ்வளவு பலம், எதில் என்ன நஷ்டம் என்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

## முதலில் கணக்கு

எதிர்ப்பதற்கும் வரவேற்பதற்கும் முன்னால், வரப்போவது என்ன அளவு என்று தெரிய வேண்டும். டேட்டா சென்டர் என்பது இன்டர்நெட் சேவைகளுக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்து ராப்பகலாக ஓட்டும் கட்டடம். அதை ஏக்கரில் அளக்கக் கூடாது, இழுக்கும் மின்சாரத்தை வைத்து மெகாவாட்டில் அளக்க வேண்டும்.

பத்து மெகாவாட் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் அது பெரிய அளவு இல்லை. ஒரு நாளைக்கு 2,40,000 யூனிட் மின்சாரம். அவ்வளவும் கடைசியில் சூடாக மாறும், அந்தச் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை என்றால், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2016-இல் சொன்ன சராசரி யூனிட்டுக்கு 1.8 லிட்டர். பெருக்கிப் பாருங்கள்: நாளைக்கு 4,32,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 36 நடை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு 55 லிட்டர் கணக்கு என்றால், ஏறக்குறைய 7,800 பேருக்கான குடிநீர். நம் வெயிலுக்கு இது கூடுமே தவிரக் குறையாது.

காற்றாலேயே குளிர்விக்கும் முறையும் இருக்கிறது. அதில் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு, ஆனால் மின்சாரம் கூடுதலாக இழுக்கும், விசிறிச் சத்தமும் கூடும். "எங்களுக்குத் தண்ணீரே வேண்டாம்" என்று ஒரு கம்பெனி சொன்னால் நம்பலாம், சொல்ல முடியாத விஷயமில்லை. ஆனால் அடுத்த கேள்வி சத்தத்தைப் பற்றி இருக்க வேண்டும்.

அப்புறம் டீசல். கரண்டு போனால் ஒரு நொடிகூட நிற்கக் கூடாத இடம் அது. பத்து மெகாவாட்டை ஜெனரேட்டரில் ஓட்டினால் மணிக்குச் சுமார் 2,500 லிட்டர் டீசல். இரண்டு நாளைக்கு இருப்பு வைத்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் நிலத்தில் நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதையும், தாமிரபரணிக் கரை முழுக்க வெள்ளத்தில் நின்றதையும் பார்த்த நாம், அந்த டீசல் தொட்டி எந்த மட்டத்தில் இருக்கப்போகிறது என்று கேட்காமல் விடக் கூடாது.

## எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். அந்த வழி சட்டப்படி தாங்குமா? எந்தக் கட்டத்தில் கையில் இருக்கும், நிலம் கைமாறும் முன்னா பின்னா? தண்ணீர், சத்தம், டீசல், ஓடை நான்கையும் தொடுமா? பத்து வருஷம் கழித்து யார் கண்காணிப்பார்? ஊருக்கு என்ன செலவு, பணமாகவும் உறவாகவும்?

ஐந்தில் நான் அதிக எடை கொடுப்பது இரண்டாவதற்கு. ஏனென்றால் பத்திரம் பதிந்து, வேலி போட்டு, போர் போட்ட பிறகு எல்லா வழியும் பாதி பலம்தான்.

## வழி ஒன்று: கிராமசபையில் "வேண்டாம்" என்று தீர்மானம்

நம் மக்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராமசபை. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வர வேண்டும், 10,000 வரை என்றால் 200 பேர். கூட்டம் சேர்ப்பது சிரமமில்லை, இப்படி ஒரு விஷயத்துக்குத் தானாகவே சேரும். காசு செலவில்லை. ஊர் ஒன்றாக நிற்பது பத்திரிகைக்கும் ஆட்சியருக்கும் தெரியும்.

ஆனால் தாங்குமா என்றால், தனியாக நின்றால் தாங்காது. கிராமசபைத் தீர்மானம் ஊரின் விருப்பத்தைப் பதிவு செய்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையோ நகர் ஊரமைப்புத் துறையையோ தானாகக் கட்டிப்போடாது. பல ஊர்த் தீர்மானப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். "மேற்படி திட்டத்துக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒற்றை வரி இருக்கும், கீழே இரண்டு பக்கம் கையெழுத்தும் ரேகையும். எந்தப் புல எண், எந்த ஓடை, எத்தனை கிணறு என்று ஒரு எண்கூட இருக்காது. அந்த வரியை எந்த அதிகாரியும் ஒரு நிமிஷத்தில் கடந்துபோவார்.

கேரளத்தில் பிளாச்சிமடை அனுபவம் இதற்கு நல்ல பாடம். பிளாச்சிமடை அடங்கிய பெருமாட்டி ஊராட்சி 2003-இல் குளிர்பான ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதே வருஷம் சொன்னார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆனால் 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு கம்பெனி பக்கம் சாய்ந்தது. உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கு முடிய 2017 ஆகிவிட்டது. அங்கே ஊராட்சியின் கையில் வெறும் தீர்மானத்துக்கு மேலே உரிமம் என்ற ஒன்று இருந்தது. அப்படி இருந்தும் பதினான்கு வருஷம்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. நிலம் விற்க நினைக்கும் சம்சாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே பகை விழும். கருவை மண்டிக் கிடக்கும் புஞ்சைக்கு முதல்முறையாக விலை வந்திருக்கிறது, மகள் கல்யாணத்துக்கு நம்பி இருக்கிறார், அவரைத் துரோகி என்றால் அடுத்த கோயில் கொடைக்கு வரி பிரிக்கும்போதும் அது வந்து நிற்கும்.

எப்போது இது சரி? நிலம் நஞ்சையாகவோ, குளத்து நீர்ப்பிடிப்பாகவோ, பாபநாசம் அணைத் தண்ணீரில் காரும் பிசானமும் என்று இருபோகம் நெல் விளையும் ஆயக்கட்டாகவோ இருந்தால். அங்கே பேச்சுவார்த்தைக்கே இடமில்லை, "வேண்டாம்" என்பதே முழுப் பதில்.

## வழி இரண்டு: நில வகை மாற்றத்திலும் உள்ளாட்சி அனுமதியிலும் நிபந்தனை ஏற்றுவது

நான் பெரிதும் நம்புவது இதை. ஊராட்சிகள் அதிகம் பயன்படுத்தாததும் இதைத்தான்.

முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதியில், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதென்றால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவு குறுக்கே நிற்கிறது. நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவோடு உள்ளாட்சியின் நிர்வாக அதிகாரி அனுமதி தர வேண்டும். இதற்கு 2017-இல் தனி விதிகளும் வந்தன. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 160-ஆம் பிரிவு, தொழிற்கூடம் கட்டவும் மின்விசை இயந்திரம் நிறுவவும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்கிறது. இரண்டு இடத்திலும் கோப்பு ஊர்ப் பக்கம் ஒருமுறை வந்துதான் போகும். அந்த ஒருமுறையில் ஊராட்சி என்ன எழுதுகிறது என்பதுதான் விஷயம்.

"ஆட்சேபணை இல்லை" என்று எழுதலாம். "ஆட்சேபணை உண்டு" என்றும் எழுதலாம். மூன்றாவதாக, "கீழ்க்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று எழுதி எண்களைப் போடலாம். எடுத்துக்காட்டாக:

- வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு கூடாது. குளிர்விப்புக்குக் குடிநீரோ ஆற்று நீரோ கூடாது. சுத்திகரித்த கழிவுநீர் மட்டும், அல்லது காற்றுக் குளிர்விப்பு.
- குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வரும் உப்புக் கூடிய நீர் ஓடையிலோ குளத்திலோ ஒரு சொட்டும் விழக் கூடாது.
- ஓடைப் புறம்போக்கின் இருபுறமும் இத்தனை மீட்டர் விட்டுத்தான் வேலி.
- கட்டடம் தொடங்கும் முன் ஊர் எல்லையில் இரவுச் சத்தத்தை அளந்து பதிவு செய்ய வேண்டும். ஓடத் தொடங்கியபின் வருஷா வருஷம் மறுபடி அளக்க வேண்டும்.
- ஜெனரேட்டர் சோதனை ஓட்டம் பகலில் மட்டும், முன்கூட்டியே ஊராட்சிக்குத் தெரிவித்து.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். வெளியே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் சாண்ட்லர் நகரம் 2022 இறுதியில் டேட்டா சென்டருக்கென்றே சத்த ஆய்வைக் கட்டாயமாக்கியது. அதே மாநிலத்தில் மரானா என்ற ஊர் 2024 இறுதியில், குளிர்விப்புக்குக் குடிநீர் தர மாட்டோம் என்று விதி எழுதியது. வர்ஜீனியாவில் லவுடன் கவுண்டி என்ற மாவட்டம் உலகிலேயே டேட்டா சென்டர்கள் அதிகம் குவிந்த இடம். அங்கேயே 2025 மார்ச்சில், இனி தானாக அனுமதி கிடையாது, ஒவ்வொன்றும் தனியாகப் பரிசீலனைக்கு வர வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிலுக்குத் தருவதை வெளிநாட்டில் தேட வேண்டாம். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளைக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில் அதற்கு நிலையங்கள் இருக்கின்றன. நமக்கு ராமையன்பட்டியில் மாநகராட்சிச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. குழாய் போடும் செலவு கம்பெனியுடையது.

சத்தத்துக்கும் ஏற்கெனவே சட்டம் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. நம் ஊர்களில் ராத்திரி பதினோரு மணிக்கு முற்றத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் தூரத்துப் பம்புசெட் கேட்கும், நாய் குரைப்பது கேட்கும், அவ்வளவுதான். அந்த அமைதியின் மேல் இருபத்து நாலு மணி நேரமும் நிற்காத ஒரு ரீங்காரம் ஏறுவது என்ன என்பதை, ஏறிய பிறகு நிரூபிக்க முடியாது. முன்னால் அளந்து வைத்த தாள் கையில் வேண்டும்.

குறைகள்? உண்டு. 2018-இல் வந்த தொழில் எளிதாக்கல் சட்டத்தால் அனுமதிகள் ஒற்றைச் சாளரத்தில், காலக்கெடுவோடு போகின்றன. ஊராட்சி தூங்கினால் முடிவு மேலே நடந்துவிடும். அரசுத் தொழிற்பேட்டையான சிப்காட் வளாகத்துக்குள் வந்தால் இந்த வழி ரொம்பவும் மெலிந்துபோகும், அங்கே தண்ணீர் ஒப்பந்தம் சிப்காட்டுக்கும் கம்பெனிக்கும் இடையில். 2023-இல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், நீர்நிலை உள்ள 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தைச் சிறப்புத் திட்டமாக அரசே அறிவிக்க இடம் தருகிறது. அப்படி வந்தால் ஊராட்சியின் பேனாவுக்கு வேலை குறைவு. எஃப்.எம்.பி., அ-பதிவேடு, அடங்கல் என்ற நில ஆவணங்களை வாங்கி, ஒரு பொறியாளரையும் வக்கீலையும் வைத்து நிபந்தனை எழுத இருபது முப்பதாயிரம் ரூபாயும் இரண்டு மாத அலைச்சலும் ஆகும்.

எப்போது இது சரி? நிலம் புஞ்சை அல்லது தரிசு, சிப்காட்டுக்கு வெளியே, இன்னும் கிரயம் ஆகவில்லை. தங்கை ஊர் நிலை அதுதான்.

## வழி மூன்று: கம்பெனியோடு ஒப்பந்தம்

பள்ளிக்கூடக் கட்டடம், ஆர்.ஓ. பிளாண்ட், ஆம்புலன்ஸ், உள்ளூர் ஆட்களுக்கு வேலை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்பார்கள். சீக்கிரம் முடியும், ஊரில் சண்டையும் வராது.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, வேலை. கட்டும்போது நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும், ஓடத் தொடங்கினால் காவல், துப்புரவு உட்படச் சில பத்துப் பேர்தான். நூற்பாலைக் கணக்கை மனதில் வைத்து இதைப் பார்க்கக் கூடாது.

இரண்டு, வரி. லவுடன் கவுண்டிக்கு வருமானம் கொட்டுகிறது என்று உதாரணம் காட்டுவார்கள். அங்கே உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் உள்ளாட்சி வரி உண்டு, பெரும்பணம் அதிலிருந்து வருகிறது. நம் ஊராட்சி வீட்டு வரி போடுவது கட்டடத்துக்கு. டேட்டா சென்டரின் விலையில் பெரும்பங்கு உள்ளே அடுக்கி வைத்த இயந்திரங்களில் இருக்கிறது. அந்த உதாரணம் நமக்கு ஒட்டாது.

மூன்று, ரகசியம். ஒப்பந்தத்தில் "தகவல்களை வெளியிடக் கூடாது" என்று ஒரு வரி நுழையும். அமெரிக்காவின் ஓரிகனில் தி டால்ஸ் என்ற சிறு நகரம், கூகுள் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்பதைச் சொல்ல மறுத்துப் பத்திரிகைக்கு எதிராக வழக்கே நடத்தியது. 2022 டிசம்பரில் சமரசமாகி எண் வெளியே வந்தபோது தெரிந்தது: 2021-இல் சுமார் 134 கோடி லிட்டர், நகரம் மொத்தமும் பயன்படுத்திய தண்ணீரில் கால் பங்குக்கு மேல். தன் தண்ணீர்க் கணக்கைத் தன் மக்களிடமே மறைக்கும் நிலைக்கு ஒரு உள்ளாட்சி போகலாமா? ஆகவே எந்த ஒப்பந்தமானாலும் மாதாமாதம் தண்ணீர், மின்சார அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும் என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

கம்பெனி கைமாறினால் ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதும் பெரிய ஓட்டை. வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என்று எழுதி, ஒரு தொகையை வங்கி உத்தரவாதமாகக் கட்ட வைத்தால் கொஞ்சம் பலம்.

எப்போது இது சரி? இரண்டாம் வழியில் நிபந்தனை ஏறிய பிறகு, அதற்குமேல் கூடுதலாக. அதற்குப் பதிலாக வேண்டவே வேண்டாம். சிப்காட்டுக்குள் வரும் இடமானால் மட்டும் விதிவிலக்கு, அங்கே ஊருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் இதுதான்.

## வழி நான்கு: வாரியம், தீர்ப்பாயம், நீதிமன்றம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடத் திட்டம் என்ற பிரிவில் வருவதால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. இது பலருக்குத் தெரியாது. கூட்டம் போடுவார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்து ஏமாறுவார்கள்.

அனுமதி வந்த பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் கதவு மூடிவிடும். கங்கைகொண்டான் அனுபவம் நம் கண்முன் இருக்கிறது. குளிர்பான ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 பைசாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போனதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது. 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடியாயின. ஆலை எழுந்துவிட்ட பிறகு, ஒப்பந்தம் போட்டுப் பல வருஷம் ஆன பிறகு போன வழக்கு அது.

எப்போது இது சரி? ஓடையை மூடினால், நிபந்தனையை மீறினால், அனுமதி இல்லாமல் வேலை தொடங்கினால். அப்போதும் கையில் எண்ணும் தேதியும் போட்ட ஊராட்சிக் கடிதம் இருந்தால் வழக்குக்கு முதுகெலும்பு இருக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தீர்மானம் | அனுமதியில் நிபந்தனை | ஒப்பந்தம் | வழக்கு |
|---|---|---|---|---|
| சட்ட பலம் | தனியாகக் குறைவு | அதிகம் | எழுதுவதைப் பொறுத்தது | அதிகம், ஆனால் நிச்சயமில்லை |
| எந்தக் கட்டம் | எப்போதும் | கிரயத்துக்கு முன்னும் கோப்பு வரும்போதும் | கட்டுமானத்துக்கு முன் | அனுமதிக்குப் பின் |
| தண்ணீர், சத்தம், டீசல், ஓடை | எழுதினால் மட்டும் | நான்கும் | பெரும்பாலும் விட்டுப்போகும் | மீறியது மட்டும் |
| பத்து வருஷம் கழித்து | யாருமில்லை | அனுமதி தந்த துறைகள் | கம்பெனியின் மனசு | நீதிமன்ற உத்தரவு இருந்தால் |
| ஊருக்குச் செலவு | உறவுப் பிளவு | சில ஆயிரம், அலைச்சல் | ரகசியக் கட்டு | வருஷங்கள் |

தங்கையிடம் நான் சொன்னது: "முதல்லயே வேண்டாம்னு எழுதாதீங்க, வேணும்னும் எழுதாதீங்க. அடுத்த கிராமசபைல, எந்தக் கோப்பு வந்தாலும் இந்த மாதிரி நிபந்தனைகளோடதான் பதில் போகும்னு தீர்மானம் போடுங்க. புல எண், ஓடை எண் எல்லாம் அதுல இருக்கணும். நகல ஆட்சியர், நகர் ஊரமைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மின்வாரியம் நாலு பேருக்கும் பதிவுத் தபால்ல அனுப்பி, ரசீதப் பத்திரமா வையுங்க." முதல் வழியின் கூட்டத்தை இரண்டாம் வழியின் பேனாவுக்குக் கொடுப்பது என்று இதைச் சொல்லலாம். கம்பெனி நேர்மையாக வந்தால் இந்த நிபந்தனைகளைக் கண்டு ஓடாது, செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஓடினால், தண்ணீர் எங்கிருந்து எடுக்க நினைத்தார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

காலம் பற்றி ஒன்று. நெல்லை, தென்காசி மாவட்டங்களின் ஊராட்சி உறுப்பினர்கள் 2021 அக்டோபர் தேர்தலில் வந்தவர்கள், அந்த ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. தேர்தல் தள்ளிப்போனால் தனி அலுவலர் கையில் நிர்வாகம் போகும். அப்போது ஊர் சார்பில் பேனா பிடிக்க உள்ளூர்க்காரர் இருக்க மாட்டார். எழுத வேண்டியதை அதற்கு முன்னால் எழுதிப் புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் போன் பண்ணினார். ஓடையை ஒட்டிய எட்டுக் கிணறுகளில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் மட்டம் அளந்திருக்கிறார்கள். தேதி, கிணற்றுக்காரர் பெயர், எத்தனை அடியில் தண்ணீர் என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதி, கிணற்றுக்காரரிடமே கையெழுத்தும் வாங்கியாயிற்று. நிலம் விற்க நினைத்த சம்சாரிதான் கயிற்றைப் பிடித்தாராம். மாதம் ஒருமுறை அளப்பது என்று முடிவு.